ஐந்தேகால் கப்பலின் தேதி

போன மாதம் ஒரு நாள் காலையில், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது ரேஷ்மா போனில் கூப்பிட்டாள். போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் அடித்துக் கொடுக்கும் கணினிப் பிரிவில்தான் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"சார், ஒரு சின்ன டவுட். மெயின்லேண்ட்லேர்ந்து புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. புரோகிராமச் சரிபாக்க நீங்க எழுதி வெச்ச பழைய டெஸ்ட் எல்லாத்தையும் பாத்து, எது வேணும் எது வேணாம்னு பிரிச்சிட்டிருக்கேன். இதுல ஒண்ணுக்கு 'செல்லம்மா'ன்னு பேரு வெச்சிருக்கீங்க. ஹட் பே, காலை அஞ்சே கால். அவ்ளோதான் இருக்கு. யாரு சார் அது?"

என் மனைவி பெயர் விஜயா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனில் சத்தம் கொஞ்சம் தாராளம். "யாராம் செல்லம்மா?" என்று அவளும் கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைச் சீண்டுவதற்கு அவளுக்குக் காரணமே தேவைப்பட்டதில்லை.

"அழிச்சிடட்டுமா சார்?"

"அழிக்காதம்மா. புது சாஃப்ட்வேர்ல அத ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு எனக்குச் சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே. போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சின்னது. அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்து, போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டிலேயே தங்கிவிட்டவர். நான் கப்பலேறிச் சென்னைக்குப் போய், கணினி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு, அதே போலக் கப்பலேறித் திரும்பி வந்தேன். தட்டச்சு வேகம் இருந்ததால் தகவல் பதிகிற வேலை கிடைத்தது. புரோகிராம் எழுதுவது அங்கே இங்கே பார்த்து, புத்தகத்தைப் புரட்டி, நானாகக் கற்றுக்கொண்டது. நானாகக் கற்றுக்கொண்டேன் என்ற திமிரும் கூடவே வந்தது. என் பிரிவில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிரிவில் மொத்தமே மூன்று பேர்தான் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் மேலதிகாரி சகுந்தலா மேடம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவருடைய கொள்ளுத்தாத்தா இங்கே கைதியாகக் கொண்டுவரப்பட்டவர். அதைக் கூச்சமில்லாமல், சில சமயம் பெருமையாகவே சொல்வார். வீட்டில் தமிழ், வெளியே இந்தி, கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, மௌனம்தான். கணினி பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் அதிகாரி ஆவதற்கு முன் பதினைந்து வருடம் டிக்கெட் கவுண்டர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர். எந்தத் தீவிலிருந்து வருகிறவர் எதற்காக அவசரப்படுகிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. எங்கள் பிரிவிலிருந்து யார் வேலையாகப் பயணம் போனாலும், வரிசையில் நின்று கவுண்டரில் டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். பாஸ் எழுதித் தர மாட்டார். "நாம அடிக்கிற சீட்ட நாமளே கையில வாங்கிப் பாக்கணும்" என்பார். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. வெயிலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன்.

இன்னொரு வழக்கம், நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. எங்கள் புரோகிராமில் ஏதாவது பிழை வந்து அது ஒரு பயணியின் தலையில் விடிந்துவிட்டால், அதை அந்த நோட்டில் எழுதுவார். பிழையைச் செய்தவன் பெயரை எழுத மாட்டார். பிழையால் கஷ்டப்பட்டவரின் பெயரைத்தான் எழுதுவார்.

அந்த நோட்டின் முதல் வரி எனக்கு நன்றாகத் தெரியும். காரணம் நான்தான். கணினியில் டிக்கெட் அடிக்கத் தொடங்கிய முதல் வாரம் அது. தேதியையும் நேரத்தையும் எந்த வடிவில் அச்சடிக்க வேண்டும் என்று கணினிக்கு எழுத்துக் குறிகளால் சொல்ல வேண்டும். 'எம்' என்ற ஆங்கில எழுத்தைப் பெரிதாக இரண்டு தடவை போட்டால் மாதம். சின்னதாகப் போட்டால் நிமிடம். நான் மாதத்துக்கும் சின்ன எழுத்தையே போட்டுவிட்டேன். ஆறரை மணிக் கப்பலை வைத்துச் சரிபார்த்தேன். நேரம் ஆறு முப்பது என்று சரியாக வந்தது, திருப்தியாகிவிட்டேன். தேதியில் மாதம் இருக்க வேண்டிய இடத்திலும் முப்பது என்று நின்றதை நான் பார்க்கவேயில்லை.

பார்த்தவர் பேச்சியம்மா. ஜங்லிகாட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். ஐஸ் பெட்டியோடு கப்பல் ஏறும் ஜெட்டிக்குப் போனவரை, இது என்ன சீட்டு என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். கப்பல் போய்விட்டது, ஐஸ் உருகிவிட்டது. நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் மேஜை மேல் டிக்கெட்டை வைத்தார்.

"ஏன் சார், இந்த முப்பதாவது மாசம் எப்ப வரும்? சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி மீனு பிடிக்கச் சொல்றேன்."

அலுவலகமே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பேச்சியம்மாவை உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, மதியக் கப்பலில் இடம் போட்டு அனுப்பினார். பிறகு அந்தப் புது நோட்டைத் திறந்து, 'பேச்சியம்மா, முப்பதாம் மாதம்' என்று எழுதினார். நான் வீராப்பாக, "என் பேரையும் போட்டுக்குங்க மேடம்" என்றேன்.

"உங்க பேரு எதுக்கு? உங்களத்தான் தெனமும் பாக்கறோமே. அந்தம்மாவ மறந்துடுவோம். தேக்கோ, பாருங்க, யாருக்கு வலிச்சுதோ அவங்க பேருதான் நமக்கு ஞாபகம் இருக்கணும்" என்றார்.

எனக்கு அன்றைக்கு அந்தப் பேச்சு உறைக்கவில்லை. நாற்பது பேர் சிரித்ததுதான் உறைத்தது. இனிமேல் இந்த எழுத்துக் குறி விளையாட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அங்கேதான் அடுத்த பிழையை விதைத்தேன், ரேஷ்மா. நன்றாகக் கேட்டுக்கொள்.

கணினி ஒவ்வொரு கப்பலின் புறப்பாட்டையும் ஒரு நீண்ட எழுத்துச் சரமாகச் சேர்த்து வைத்திருந்தது. முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள், நடுவில் ஒரு எழுத்து, அதற்குப் பின்னால் நேரம். முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் தேதி. எதற்குக் குறி, எதற்கு வடிவம்? கத்தரிக்கோல் வைத்தது போல வெட்டி, வருடத்தைப் பின்னாலும் நாளை முன்னாலும் மாற்றி வைத்துவிட்டேன். ஒரே வரி. நேரத்துக்கு மட்டும் முறையான வழியில் போனேன். ஏனென்றால் அந்தச் சரத்தில் இருந்தது கிரீன்விச் நேரம், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால். அதை நம் நேரத்துக்கு மாற்றித்தான் அச்சடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நேரம் மாறினால் சில சமயம் தேதியும் மாறும் என்பது மட்டும் தோன்றவில்லை.

அது இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. காரணம் சொல்கிறேன். எங்கள் முதல் கப்பல் காலை ஆறு மணிக்கு. கிரீன்விச்சில் அது அதே தேதியின் அதிகாலை பன்னிரண்டரை. அதாவது அரை மணி நேர வித்தியாசத்தில் நான் தினமும் தப்பித்துக்கொண்டிருந்தேன். தப்பிக்கிறோம் என்று தெரியாதவனுக்கு எவ்வளவு நிம்மதி! அந்த ஒரு வரியைப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மழைக்காலம் வந்தது. மதியத்துக்கு மேல் கடல் மோசமாக இருக்கிறது என்று, தெற்கே வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும் கப்பலை ஆறு மணியிலிருந்து ஐந்தேகாலுக்கு முன்னால் தள்ளினார்கள். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு ஐந்தேகால் என்றால் கோழி கூவும் நேரம். எங்களுக்கு அந்த மாதங்களில் ஐந்து மணிக்கே சூரியன் ஏறிவிடும். பால்காரர் வந்து போயிருப்பார். இந்தியா முழுக்க ஒரே கடிகாரம். எங்கள் வெயில் மட்டும் யாரையும் கேட்காமல் முன்னாடியே வந்துவிடும். அதனால் அந்த நேரத்தில் ஒரு பயணிகள் கப்பலை விடுவது இங்கே யாருக்கும் விசித்திரமில்லை.

புது நேரம் ஒரு மாதத்தின் பன்னிரண்டாம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். அப்போது நான் ஹட் பே கவுண்டரில் புதுப் பிரிண்டர் வைப்பதற்காகப் போயிருந்தேன். வேலையை முடித்துவிட்டு, மேடத்தின் சட்டப்படி வரிசையில் நின்று, பன்னிரண்டாம் தேதிக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கினேன். அந்தக் கப்பலுக்கு எல்லோரும் முன்பே, ஆறு மணி என்று போட்ட பழைய டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அதுவே செல்லும் என்று அறிவிப்பில் இருந்தது. நேரம் மாறிய பிறகு விற்றது மிச்சமிருந்த மூன்றே டிக்கெட்தான். ஒன்று என்னுடையது. மற்ற இரண்டும் எனக்கு முன்னால் நின்ற ஒரு கணவன் மனைவிக்கு. டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் செருகினேன். சீட்டைக் கையில் வாங்கிப் பார் என்று மேடம் அத்தனை தடவை சொல்லியும் நான் பார்க்கவில்லை. என் புரோகிராம் அடித்த சீட்டு, அதில் என்ன பார்ப்பது?

பன்னிரண்டாம் தேதி காலை நான் ஹட் பே ஜெட்டிக்குப் போனபோது மணி ஐந்து ஆகவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, ஆனால் நல்ல வெளிச்சம். வாசலில் டிக்கெட் பார்க்கிறவர் அப்பாராவ், தெலுங்குக்காரர், விறைப்பான மனிதர். முந்தைய மாதம்தான் பழைய டிக்கெட்டில் யாரையோ ஏற விட்டதற்காகப் பேச்சு வாங்கியிருந்தார். அவர் முன்னால் அந்தக் கணவன் மனைவி நின்றார்கள்.

"இது நேத்து டிக்கெட். பதினொண்ணு தேதி. லிஸ்ட்லயும் உங்க பேரு இல்ல. நேத்து கப்பல விட்டுட்டு இன்னிக்கு வந்து நின்னா எப்படி? சலோ, தள்ளி நில்லுங்க."

"இல்லீங்க, பன்னெண்டுன்னு சொல்லித்தாங்க வாங்குனோம்" என்றார் கணவர்.

என் முறை வந்தது. அப்பாராவ் என் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், உங்களுதும் நேத்து தேதிதான். லேகின் நீங்க ஸ்டாஃப். கப்பல் ஆளுங்க கணக்குல பேனால எழுதிக்கறேன், நீங்க போங்க."

நான் ஒரு அடி எடுத்தும் வைத்தேன். இதை மறைத்து எழுத விருப்பமில்லை. ஏதோ கவுண்டரில் தப்பு நடந்திருக்கிறது, போர்ட் பிளேர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அந்த அம்மாள் என் கையைத் தொட்டு டிக்கெட்டை நீட்டினார். "தம்பி, எனக்கு எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. இவரு பதட்டத்துல எதையாச்சும் வாசிப்பாரு."

அவர்தான் செல்லம்மா. ஹட் பே கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தவர். கணவர் முருகேசன் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, தோட்டம் மூடியதும் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். செல்லம்மாவுக்கு இடது கண் பல வருடத்துக்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணில் ஒரு வாரமாகத் திரை இறங்குவது போல இருந்திருக்கிறது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் உடனே போர்ட் பிளேருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே மெயின்லேண்டிலிருந்து கண் டாக்டர் ஒருவர் வந்து முகாம் நடத்திக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்தோடு முகாம் முடிகிறது. மழையால் நான்கு நாளாக ஹெலிகாப்டர் பறக்கவில்லை.

"இன்னிக்கு அந்த டாக்டரு கையில சேந்தாத்தான் கண்ணு தங்கும்னாங்க தம்பி. கண்ணு போச்சுன்னா மெஷினும் போச்சு, நானும் போனேன்" என்றார். அழவில்லை. துணியின் அளவு சொல்வது போலச் சொன்னார்.

நான் டிக்கெட்டை வாய்விட்டு வாசித்தேன். பெயர், ஊர், தேதி பதினொன்று, நேரம் ஐந்து பதினைந்து. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கணக்குப் புரிந்துவிட்டது. ஐந்தேகாலிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் கிரீன்விச்சில் முந்தின நாள் இரவு பதினொன்றே முக்கால். முதல் பத்து எழுத்து. என் கத்தரிக்கோல். நான் பெருமையாகக் காட்டிய அந்த ஒற்றை வரி முந்தின நாள் தேதியை வெட்டி இவர் கையில் கொடுத்திருக்கிறது. பயணிகள் பட்டியலும் அதே வரியால்தான் தேதி பிரிக்கிறது. ஆறு மணி என்று முன்பே பதிவானவர்கள் தப்பித்தார்கள், எங்கள் மூவர் பெயர் மட்டும் நேற்றைய பட்டியலுக்குப் போய்விட்டது. இன்றைய பட்டியலில் காலியாகத் தெரிந்த மூன்று இடத்தையும் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் ஏறியும் விட்டார்கள்.

"அப்பாராவ், தப்பு இவங்க மேல இல்ல. புரோகிராம்ல தப்பு. நான் எழுதின புரோகிராம்" என்றேன்.

"சார், கம்ப்யூட்டர் எப்படித் தப்பா போடும்?"

"நேத்து கப்பல் எத்தன மணிக்குக் கெளம்புச்சு?"

"ஆறு."

"இந்த டிக்கெட்ல பாருங்க, அஞ்சே கால். நேத்து அஞ்சே காலுக்குக் கப்பலே கெடையாது. இல்லாத கப்பல்ல இவங்க எப்படி ஏறாம விட்டிருக்க முடியும்?"

அவர் டிக்கெட்டை மழைக்கு மறைத்துப் பிடித்து இரண்டு தடவை பார்த்தார். "பாத் சஹி ஹை, நீங்க சொல்றது சரிதான்" என்றார். பிறகு, "ஆனா சார், சீட் இல்லியே. பயணிங்க கணக்குக்கு மேல ஒரு தலை ஏத்தினாலும் கேப்டன் நங்கூரம் எடுக்க மாட்டாரு. மெடிக்கல் கோட்டா ரெண்டு சீட் இருக்கு, அத மேலேருந்து சொன்னாத்தான் தெறப்பேன்."

ஜெட்டியின் கோடியில் ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனுக்குச் சிக்னல் வரும். அங்கே ஓடினேன். மேடம் வீடு போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மேடம், டிக்கெட்ல தேதி தப்பா விழுது. ஒரு நாள் முன்னாடி."

"எல்லா டிக்கெட்லயுமா?"

"நேரம் மாத்தின பெறகு அடிச்சதுல மட்டும்."

"உள்ள சேத்து வெச்சிருக்கறது சரியா இருக்கா? இல்ல அதுவும் தப்பா?"

"உள்ள சரி மேடம். வெளிய எழுதற எடத்துல தப்பு. நான் எழுதினதுதான்."

"எத்தன பேரு நிக்கறாங்க?"

"மூணு பேரு. ஒரு அம்மாவுக்குக் கண்ணு ரொம்ப மோசம், இன்னிக்கே டாக்டரப் பாக்கணும். கூட அவங்க வீட்டுக்காரரு. அப்புறம் நான்."

"அப்ப ரெண்டு பேரு" என்றார் மேடம்.

அந்தக் கணக்கை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அதில் கோபமில்லை, தண்டனை இல்லை. பிழை செய்தவன் வரிசையில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். போனை அப்பாராவிடம் கொடுக்கச் சொன்னார். சிக்னல் கம்பத்துக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் நான்கு தடவை "ஜி மேடம்" சொல்லிவிட்டு, மெடிக்கல் கோட்டாவின் இரண்டு இடத்தையும் திறந்தார். இரண்டு டிக்கெட்டிலும் பதினொன்றை அடித்து, பன்னிரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். செல்லம்மா என் பேனா ஓடுவதையே பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் ஏறும்போது திரும்பி, "நீங்க வரலியா தம்பி?" என்று கேட்டார். "எனக்கு இங்க வேல இருக்கும்மா" என்றேன்.

உண்மையிலேயே வேலை இருந்தது. கப்பல் போன பிறகு மேடம் மறுபடி கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹட் பே கவுண்டரில் நான் உட்கார வேண்டும். ஐந்தேகால் கப்பலுக்கு அடிக்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் தேதியைச் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். திருத்தியதை வாங்குகிறவரிடம் காட்டி, அவர் வாயால் தேதியைச் சொல்ல வைக்க வேண்டும். பட்டியலைக் கையால் எழுதி, ஒரு பிரதி அப்பாராவிடமும் ஒன்று கேப்டனிடமும் சேர்க்க வேண்டும். சாயங்காலம் வரை அப்படியே செய்தேன். என் ஒரு வரியின் விலை எத்தனை கையெழுத்து என்று விரல் வலித்தபோது தெரிந்தது. பலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "கம்ப்யூட்டர் வந்தும் பேனாதானா?" என்றார். தலையாட்டிவிட்டு அடுத்த டிக்கெட்டைத் திருத்தினேன்.

மறுநாள் போர்ட் பிளேர் வந்து அலுவலகத்துக்கு நேராகப் போனேன். மாற்ற வேண்டியது சின்ன விஷயம்தான்: முதலில் முழுச் சரத்தையும் நம் நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகுதான் தேதியை எடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. செய்து காட்டினேன். மேடம் திரையைப் பார்க்கவில்லை. "இது திரும்ப வராதுன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு வேற யாராச்சும் வந்து இதத் தொடுவாங்களே" என்றார். அதற்காக எழுதியதுதான் அந்த டெஸ்ட். ஹட் பே, ஐந்தேகால், தேதி பன்னிரண்டு என்றுதான் வர வேண்டும். வராவிட்டால் புரோகிராம் மேலே நகரக் கூடாது. என்ன பெயர் வைப்பது என்று நான் கேட்கவில்லை. நீல நோட்டில் அவர் 'செல்லம்மா, ஹட் பே' என்று எழுதிக்கொண்டிருந்தார். அதையே வைத்தேன்.

மேலிடத்திலிருந்து, இந்தப் பிழைக்கு யார் பொறுப்பு என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. நான் விளக்கம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். அதை அவர் வாங்கவே இல்லை. 'பிரிவின் தலைவர் என்ற முறையில் நான்' என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எனக்கே அது தெரிந்தது ஒரு வருடம் கழித்து, வேறொரு கோப்பைத் தேடும்போதுதான். அன்று வீட்டுக்கு வந்து விஜயாவிடம் சொன்னேன். நேரில் அவரிடம் நன்றி சொல்லப் போனால், "சாய் பீயோகே?" என்று டீ குடிக்கக் கூப்பிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். இப்போது அவர் ஓய்வு பெற்று, மகளோடு இருக்கிறார். மேடம், இதை நீங்கள் படித்தால் பேச்சை மாற்ற முடியாது. உங்களிடம் வேலை பார்த்தது என் பாக்கியம்.

செல்லம்மா அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிட்டார். அவர் கண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று டாக்டர் ஒரு நாள் கூடுதலாக இருந்து ஆபரேஷன் செய்திருக்கிறார். அந்த டாக்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கண் தங்கிவிட்டது என்ற செய்தியை முருகேசன் வந்து சொன்னார்.

ஐந்தாறு மாதம் கழித்து, ஹட் பே கப்பலில் வந்த யாரோ ஒருவர் என் மேஜையில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். உள்ளே செல்லம்மா தைத்த வெளிர்நீலச் சட்டை. அளவு எடுக்காமலே கச்சிதமாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது: பை வலது பக்கம் இருந்தது. பாவம், கண் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது, பக்கம் மாறிப்போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன்.

விஜயா சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க பேனாவ எந்தக் கையால எடுப்பீங்க?"

நான் இடக்கைக்காரன். பிறந்ததிலிருந்து இடது பக்கப் பையில் இடது கையை மடக்கி விட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். எனக்கே அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. மங்கிக்கொண்டிருந்த ஒற்றைக் கண்ணால், மழையில், கப்பல் கிளம்பும் அவசரத்தில், அந்த அம்மாள் அதைப் பார்த்து மனதில் வைத்திருக்கிறார். இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு நான் பையிலிருந்த டிக்கெட்டின் தேதியைப் பார்க்கவில்லை.

சரி, போன மாதக் கதைக்கு வருகிறேன். ரேஷ்மா அன்று மதியமே திரும்பக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"சார், செல்லம்மா ஃபெயில்."

"என்ன தேதி அடிக்குது?"

"பன்னெண்டுக்குப் பதினொண்ணு. சாஃப்ட்வேர்காரங்க மொத பத்து எழுத்த வெட்டித்தான் தேதி எடுத்திருக்காங்க. போன் பண்ணிக் கேட்டா, காலைல அஞ்சே காலுக்கெல்லாம் யாருங்க கப்பல் விடுவாங்கன்னு சிரிக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இங்க வந்து வெயிலப் பாருங்கன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்களும் என்னைப் போலத்தான், பாவம். அரை மணி நேரத்தில் தப்பித்துக்கொண்டிருந்தவர்கள். நான்கு நாளில் திருத்தி அனுப்பினார்கள். அதைச் சொல்ல ரேஷ்மா மறுபடி கூப்பிட்டாள். நான் அந்த வெளிர்நீலச் சட்டையில்தான் இருந்தேன். காலர் நைந்துவிட்டது, விஜயா வெளியே போட்டுப் போக விடுவதில்லை.

"பாஸ் ஆயிடுச்சு சார். அலமாரில அந்த நீல நோட்டும் கெடச்சுது. எல்லாப் பேரையும் படிச்சேன். இதையும் அதுல எழுதலாம்னு பாத்தா, என்ன பேரு போடறதுன்னு தெரியல. இன்னும் யாரும் டிக்கெட்டே வாங்கல. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"பிழைய எழுதிட்டு, பேரு எடத்தக் காலியா விட்டுடும்மா."

அவள் எழுதுகிற சத்தம் போனில் கேட்டது.

"இதுக்கு முன்னாடி அந்த நோட்டுல எங்கயாச்சும் காலி எடம் இருக்கா, பாரு" என்றேன்.

பக்கம் புரளும் சத்தம் வெகு நேரம் வந்துகொண்டிருந்தது.

"இல்ல சார். இதுதான் மொத தடவ."